இரட்டைக்குழலும் இல்லாத பறவையும்

சென்ற இதழில் அமெரிக்க வடகாட்டு வேட்டையைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், வாசகர்களில் பாதிப் பேர் தோளில் துப்பாக்கியோடு கிளம்பத் தயார். மீதிப் பாதிப் பேர் என்னைச் சுடத் தயார். இரு தரப்புக்கும் இங்கே பதில்.

கே: கிரவுஸ் என்றால் நம்ம ஊர்க் கவுதாரிதானே? அதற்கு ஏன் இத்தனை பில்டப்? (தென்காசி)

ப: ஒரே வம்சம், வேறு வேறு வீடு. கவுதாரி, காடை, மயில், நம் கொல்லைக் கோழி எல்லாம் ஒரே குடும்பம். கிரவுஸ் அதில் குளிர்தேசத்துப் பங்காளி. நான் எழுதியது ரஃப்டு கிரவுஸ் என்ற வகையைப் பற்றி. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வாழ்கிறது. எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கழுத்தில் கறுப்பு இறகுப் பட்டை. சேவலுக்கு வீறாப்பு வந்தால் அந்தப் பட்டை சிலிர்த்து நிற்கும்.

இலையுதிர்காலம் வந்ததும் கால்விரல் ஓரங்களில் வரிசையாகச் சிறு முட்கள் முளைக்கும். பனியில் கால் புதையாமல் நடக்க அவை உதவும், வசந்தத்தில் உதிர்ந்துவிடும். கடுங்குளிர் ராத்திரியில் பறந்து வந்து மெத்தென்ற பனிக்குள் அப்படியே பாய்ந்து, உள்ளேயே புதைந்து தூங்கும். இதையெல்லாம் கவுதாரியிடம் சொல்லிப் பாருங்கள், நம்பாது.

கே: அஞ்சு தோட்டா, எட்டுத் தோட்டா போடுகிற துப்பாக்கியெல்லாம் வந்தாச்சு. தாத்தா காலத்து இரட்டைக்குழலை ஏன் இன்னும் கட்டி அழுகிறார்கள்? (கரூர்)

ப: மூன்றாவது தோட்டாவுக்கு அங்கே வேலை இல்லை. கட்டைவிரல் பருமனில் ஆஸ்பென் கன்றுகள் நெருக்கியடித்து நிற்கும் புதரில்தான் கிரவுஸ் இருக்கும். காலடியிலிருந்து சடாரென்று கிளம்பும். கிளம்பியதும் முதல் வேலையாக, உங்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு மரத்தை நிறுத்திக்கொள்ளும். கண்ணில் படுவது ஒன்றிரண்டு நொடி. அதற்குள் ஒரு தோட்டா போகும். கை சுறுசுறுப்பாக இருந்தால் இரண்டு. மூன்றாவதைப் போட்டால் மரத்துக்குத்தான் படும்.

இன்னொன்று, அந்த இரண்டு குழலும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. வழக்கமாக வலது குழலின் வாய் தாராளம், ரவை சீக்கிரம் விரியும். இடது குழலின் வாய் சற்று ஒடுக்கம், ரவை இன்னும் கொஞ்ச தூரம் சேர்ந்தே போகும். விசையும் இரண்டு. பறவை பதினைந்து கஜத்தில் எழுந்தால் முன்விசை. எட்டத்தில் எழுந்தால் பின்விசை. எந்தக் குழல் என்பதை விரலே முடிவு செய்துவிடும், மூளையைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

எடை சுமார் மூன்று கிலோ. பறவை குறைந்த சீசனில் சுடுவது கொஞ்சம், சுமப்பது நாள் முழுக்க. அந்த வருடங்களில் ஒவ்வொரு நூறு கிராமும் தோளுக்குத் தெரியும்.

கே: கிரவுஸ் வேட்டையில் அதிகம் அடிபடுவது எது? (விருதுநகர்)

ப: மரக்கிளை. இரண்டாவது இடம் வேட்டைக்காரரின் கன்னத்துக்கு. அடிப்பது அதே கிளைதான்.

கே: '12 போர்' என்கிறார்களே, பன்னிரண்டு என்ன? அங்குலமா, மில்லிமீட்டரா? (பொள்ளாச்சி)

ப: இரண்டும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் அந்தக் குழலின் விட்டம். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. 16 போர் 12-ஐவிடச் சின்னது, 20 இன்னும் சின்னது. இந்தக் கணக்கில் சேராத ஒரு முரட்டுப் பிள்ளையும் உண்டு. .410 என்பது மட்டும் அங்குலத்திலேயே சொல்லப்படும் விட்டம்.

நீங்கள் 12 போர் இரட்டைக்குழலைப் பார்க்காதவர் அல்ல. வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் கிடப்பது பெரும்பாலும் அதுதான். உரிமத்தில் டி.பி.பி.எல். என்று எழுதியிருக்கும். கிரவுஸ் காட்டில் இன்றைக்கு மவுசு 16-க்கும் 20-க்கும். 12 போரின் பலமும் 20 போரின் லேசும் சேர்ந்தது 16 என்று அதன் பக்தர்கள் சொல்வார்கள். பக்தர்களோடு வாதம் செய்வதில்லை.

கே: 'பறவைப் பஞ்ச சீசன்' என்று எழுதியிருந்தீர்கள். மழை பொய்த்த மாதிரி, பறவையும் பொய்க்குமா? (ராமநாதபுரம்)

ப: பொய்க்கும், அதுவும் தவணை வைத்து. மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் ரஃப்டு கிரவுஸ் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து வருடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. பெரும்பாலும் பத்தாண்டுகளின் முடிவையொட்டி உச்சம், நடுவில் பள்ளம். ஏன் என்பதற்கு ஒரே காரணம் என்று விஞ்ஞானிகள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வடக்கே பனிமுயல் கூட்டமும் இதே கணக்கில் பெருகி விழுகிறது. முயல் விழும்போது பெரிய வைரியும் கொம்பன் ஆந்தையும் பசியோடு தெற்கே வந்து கிரவுஸ் மேல் கை வைக்கின்றன என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம். ஜூன் மாதக் குளிர்மழை வேறு. பொரித்த குஞ்சுக்கு முதல் சில வாரம் பூச்சிதான் சாப்பாடு. நனைந்த குஞ்சு பூச்சி தேடாது, அம்மாவின் சிறகுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்.

கே: காட்டுக்குள் இருக்கிற பறவையை எப்படி எண்ணுகிறார்கள்? வீடு வீடாகப் போயா? (மயிலாடுதுறை)

ப: காதால் எண்ணுகிறார்கள். வசந்தத்தில் சேவல் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறி நின்று சிறகடிக்கும். எதன் மேலும் அடிப்பதில்லை, காற்றைத்தான் அடிக்கிறது. அந்த அடியில் பிறப்பது முழக்கம். மெதுவாக ஆரம்பித்து, வேகம் பிடித்து, ஒரே உறுமலாகி அடங்கும். வயல்காட்டில் டீசல் பம்ப்செட்டைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் சத்தம் ஞாபகம் இருக்கிறதா, ஏறத்தாழ அதுதான். ஆனால் சுருதி மகா கீழே, காதைவிட நெஞ்சுக்கூட்டுக்குத்தான் முதலில் தெரியும்.

மின்னசோட்டாவில் ஏப்ரல், மே விடியலில் ஊழியர்கள் குறித்த பாதையில் வண்டியை ஓட்டிப் போய், பத்து இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, எத்தனை முழக்கம் என்று குறித்துக்கொள்வார்கள். வருடா வருடம் அதே பாதை, அதே நிறுத்தம்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 2017 வசந்தத்தில் அங்கே முழக்கக் கணக்கு நன்றாக எகிறியது. ஊரே எண்ணெய் போட்டுத் துப்பாக்கியைத் துடைத்தது. இலையுதிர்காலத்தில் காட்டுக்குப் போனவர்கள் "பறவை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். வசந்தத்தில் எண்ணுவது மாப்பிள்ளைகளை மட்டும்தான். குழந்தை பிழைத்ததா என்பது அந்தக் கணக்கில் வராது.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சுட்டுச் சுட்டுத்தானே பறவை குறைந்தது? (ஈரோடு)

ப: கோபம் நியாயம், குற்றவாளி மட்டும் வேறு.

கிரவுஸுக்கு இளங்காடு வேண்டும். மின்னசோட்டாவின் க்ளோக்கே காட்டு ஆய்வு நிலையத்தில் கார்டன் கல்லியன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இந்தப் பறவையின் பின்னாலேயே அலைந்து கண்ட விஷயம் இது: ஒரு கிரவுஸ் சுற்றித் திரியும் சின்ன வட்டத்துக்குள்ளேயே மூன்று வயதில் ஆஸ்பென் இருக்க வேண்டும். குஞ்சு மேய்க்கப் புதுத் துளிர்க்காடு. பருந்துக்குத் தெரியாமல் ஒளிய நெருக்கமான வாலிபக்காடு. பனிக்காலத்தில் பூமொட்டு தின்ன முற்றிய மரம். ஆஸ்பெனை ஒட்ட வெட்டினால் வேரிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்று கிளம்பும். வெட்டாமலும் எரியாமலும் விட்டால் காடு முதிர்ந்து, நிழல் கட்டி, பார்க்கப் பிரமாதமாக இருக்கும், கிரவுஸ் இருக்காது. மரம் வெட்டக் கூடாது என்று கோஷம் போட்டே வளர்ந்த நமக்கு இது தொண்டையில் இறங்காது. ஆனால் 1961-இல் தொடங்கிய ரஃப்டு கிரவுஸ் சொசைட்டி என்ற வேட்டைக்காரர் அமைப்பு இன்றும் பணம் போட்டுச் செய்யும் உதவிகளில் ஒன்று, மரம் வெட்டுவது.

இந்தியானா மாநிலத்தைப் பாருங்கள். அங்கே வேட்டை நின்று வருடங்களாகின்றன. அப்படியும் 2020-இல் கிரவுஸை அழியும் ஆபத்திலுள்ள பறவை என்று அறிவிக்க வேண்டி வந்தது. துப்பாக்கி போயிற்று, இளங்காடு திரும்பவில்லை, பறவையும் திரும்பவில்லை.

பென்சில்வேனியாவில் இன்னொரு வில்லன், கொசு. 1999-இல் நியூயார்க்கில் இறங்கிய வெஸ்ட் நைல் வைரஸ் கிரவுஸையும் தாக்கும் என்று அங்கே ஆய்வில் தெரிந்தது. 1931 முதல் அந்த மாநிலத்தின் அடையாளப் பறவையே இதுதான், பாவம். பனிக்காலம் இளகிப்போவதும் சேர்ந்துகொண்டது. மேலே மழை பெய்து உறைந்து ஓடு கட்டிய பனிக்குள் எந்தப் பறவை புகுந்து தூங்கும்?

இதற்காக வேட்டைக்காரருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடவும் மாட்டேன். கிரவுஸ்களில் பாதிக்கு மேல் அடுத்த வருடத்தைப் பார்ப்பதில்லை; துப்பாக்கி இல்லாத இடத்திலும் அப்படித்தான். அக்டோபரில் சுடப்படுவதில் பெரும்பகுதி எப்படியும் பனிக்கும் ஆந்தைக்கும் போகவிருந்தது. ஆனால் சாலையோரத்துத் துண்டுக் காட்டில், பனிக்காலத்தின் பின்பாதியில், பஞ்ச வருடத்தில் சுடுவது வேறு கதை. அதுவரை பிழைத்தவை வசந்தத்தில் முட்டையிட வேண்டியவை. விதைநெல்லில் கை வைக்கிறவனை நம் ஊரில் என்ன சொல்வோமோ, அதையே அங்கேயும் சொல்கிறார்கள், ஆங்கிலத்தில்.

கே: பழைய இரட்டைக்குழல்களில் எது உசத்தி? (சிவகாசி)

ப: ஊரைப் பொறுத்து ஜாதகம் மாறும். இங்கிலாந்துக்காரர் 1814-இல் ஆரம்பித்த பர்டி என்பார். அமெரிக்கக் கிரவுஸ்காரர் பார்க்கர், ஏ.எச். ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித், இத்தாக்கா, லெஃபீவர் என்று ஐந்து பேர் சொல்வார். சொல்லிவிட்டு எது முதல் என்று தன் மச்சானோடு சண்டைக்குப் போவார்.

இந்தக் கம்பெனிகளின் பூர்வகதைதான் ருசி. கனெக்டிகட் மாநிலத்து மெரிடனில் பார்க்கர் குடும்பம் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினும் செய்தது, துப்பாக்கியும் செய்தது. எல்.சி. ஸ்மித் துப்பாக்கித் தொழிலை விற்றுவிட்டு டைப்ரைட்டருக்குப் போனார். பின்னாளில் பேர்போன ஸ்மித்-கரோனா டைப்ரைட்டரின் பாதிப் பெயர் அவருடையதுதான். 1909-இல் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனது ஒரு ஃபாக்ஸ். பொருளாதாரப் பெருமந்தத்தில் எல்லாருக்கும் அடி விழுந்தது. 1934-இல் பார்க்கர் துப்பாக்கித் தொழில் ரெமிங்டன் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சில வருடங்களில் உற்பத்தியே நின்றது. இன்று கைமாறுவதில் பெரும்பகுதி தாத்தாக்கள் விட்டுப்போனவை.

என் கட்சி? ஃபாக்ஸ். பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு. பார்க்கரைத் திறந்து உள்ளே பார்த்தால் ஒரு சின்ன வேலைக்கு இத்தனை உறுப்பா என்று தோன்றும். பார்க்கர்காரர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம்.

கே: அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் பழைய இரட்டைக்குழல் ஒன்றைச் சல்லிசாக வாங்கப் போகிறாராம். என்ன பார்க்கச் சொல்லட்டும்? (தஞ்சாவூர்)

ப: முதலில் விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குழல்களை மரக்கட்டையிலிருந்து கழற்றி, அடியிலுள்ள கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, மறு கையின் முட்டியால் தட்ட வேண்டும். ணங்கென்று ஒலித்து நீண்டால் இரு குழலையும் சேர்க்கும் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. சொர்ரென்று அதிர்ந்து செத்தால் எங்கோ விட்டிருக்கிறது. அடுத்து, பூட்டி மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகமும் பூட்டும் சேரும் இடத்தில் கீற்று வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். தெரிந்தால் தேய்மானம்.

குழலின் மேல் அலையலையாகக் கோலம் தெரிகிறதா? அது டமாஸ்கஸ். இரும்பையும் எஃகையும் கம்பிகளாக முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டியது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கறுப்பு மருந்து காலத்துச் சரக்கு. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போட்டால் இடது கையின் விரல்கள் உத்தரவாதமில்லை. துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் சுவர்த் தடிமனை அளந்து சொல்லாமல் விசையைத் தொடக் கூடாது.

எஃகுக் குழலிலும் ஒரு பொறி உண்டு. பல பழைய துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் சமர்த்தாக உள்ளே போகும், கதவும் மூடும். சுட்டதும் தோட்டாவின் மடிப்பு வாய் விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தை அடைக்கும், அழுத்தம் ஏறும். ஆக, உள்ளே போகிறது என்பதற்காகப் போடக் கூடாது. எஃகு ரவையும் வேண்டாம், பழைய குழலைக் கீறி வாயைப் பிதுக்கிவிடும். ஈயத்தைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குப் பிஸ்மத் ரவை இருக்கிறது. விலை மட்டும் வெள்ளிக்கடையில் நிற்கும்.

சல்லிசு என்றீர்களே, அதுதான் எனக்கு உதைக்கிறது.

கே: நாய் இல்லாமல் வேட்டை முடியாதா? (நாகர்கோவில்)

ப: முடியும். நாலு எட்டு நடந்து, சட்டென்று நின்று, இருபது எண்ணி, மறுபடி நடப்பார்கள் தனியாட்கள். நடக்கும் சத்தத்தைக் கிரவுஸ் பொறுத்துக்கொள்ளும். சத்தம் நின்றால்தான் "பார்த்துவிட்டானோ" என்று பதறிக் கிளம்பும்.

ஆனாலும் நாயோடு போகும் சுகம் தனி. இங்கிலீஷ் செட்டர் ஒன்றின் கழுத்தில் சின்ன மணி கட்டிப் புதருக்குள் விடுவார்கள். அப்புறம் நாய் கண்ணுக்குத் தெரியாது, மணிதான் நாய். இடப்பக்கம் கலகல, மேட்டில் கலகல, பள்ளத்தில் லேசாக. எல்லாரும் சத்தத்துக்குக் காது கொடுப்பதாகத்தான் நினைப்போம். உண்மையில் அவர்கள் காத்திருப்பது சத்தம் நிற்பதற்கு. மணி நின்றது என்றால் நாய் மூக்கை நீட்டி, வாலை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து நிலைகுத்தி நிற்கிறது என்று அர்த்தம். எங்கே என்பதை இனி நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் மணிதான் நின்றுவிட்டதே! இப்போது ஜி.பி.எஸ். பட்டை வந்து, நாய் நிற்கும் இடத்தை மணிக்கட்டிலேயே காட்டுகிறது. நான் கூடப் போகும் பெரியவர் பட்டையும் கட்டுவார், மணியும் கட்டுவார். கேட்டால், "பேட்டரி மணிக்குத் தீராது" என்பார்.

நாயின் வேட்டை வயது எட்டு, பத்து சீசன். கிரவுஸ் ஏறி இறங்கும் கணக்கும் ஏறத்தாழ அதே. பள்ளத்து வருடத்தில் பிறந்த நாய்க்கு முதல் சில வருடம் பாடமே வெறும் காற்றை மோப்பம் பிடிப்பது.

கே: நாள் முழுக்க அலைந்து வெறுங்கையோடு வருகிறவர் பெண்டாட்டியிடம் என்ன சொல்வார்? (திருவாரூர்)

ப: "ஏழு எழுப்பினோம்" என்பார். கிரவுஸ்காரர்கள் செத்ததை எண்ணுவதைவிட எழுந்ததை எண்ணுவது அதிகம். மணிக்கு எத்தனை பறவை எழுந்தது என்பதுதான் அவர்களுக்குள் பேச்சு. மிச்சிகன் அரசே வேட்டைக்காரர்களிடம் அந்தக் கணக்கைத்தான் கேட்டு வாங்குகிறது. பறவையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. சிறகுச் சத்தம் கேட்டால் ஒன்று. அரசாங்கமே ஒப்புக்கொள்ளும் வேட்டைப் பொய் உலகத்தில் இது ஒன்றுதான்.

கே: ஒலிம்பிக் ஸ்கீட் போட்டிக்கும் கிரவுஸுக்கும் சம்பந்தம் உண்டாமே? (சென்னை-33)

ப: ரத்த சம்பந்தம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் சீசன் இல்லாத மாதங்களில் கிரவுஸுக்குக் கை பழக ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். களிமண் தட்டை எறிந்து, கடிகார முகத்தில் மணி எண்கள் இருப்பதுபோல் வட்டமாக இடம் மாறி மாறி நின்று சுடுவது. பக்கத்து இடத்தில் ஒருவர் கோழிப்பண்ணை வைத்தார். வட்டத்தின் பாதிப் பக்கம் ரவை கோழிகள் மேல் விழும் நிலை. வேறு வழியில்லாமல் வட்டத்தை அரைவட்டமாக வெட்டி, எதிர்ப்புறம் இன்னொரு எறிபொறி வைத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்கீட் மைதானம் அரைவட்டமாக இருப்பதற்கு அந்தக் கோழிகள்தான் காரணம். கூட்டாளிகளில் ஒருவரான வில்லியம் ஹார்ண்டன் ஃபாஸ்டர் பத்திரிகையாளர். 1926-இல் பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள். மொன்டானாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி 'ஸ்கீட்' என்று எழுதி 100 டாலர் வாங்கிக்கொண்டு போனார்.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் கலப்பு ஸ்கீட்டில் மகேஸ்வரி சவுகானும் அனந்த்ஜீத் சிங் நருக்காவும் ஒரே ஒரு தட்டில் வெண்கலத்தைத் தவறவிட்டார்கள். அதே ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமானும் சுட்டார். அவருடையது ட்ராப். அது வேறு பிரிவு, ஸ்கீட் என்று எழுதினால் புதுக்கோட்டையிலிருந்து கடிதம் வரும்.

கே: ருசி எப்படி? (மதுரை)

ப: மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். நெஞ்சுக்கறி வெள்ளை, கொழுப்பே கிடையாது. கொஞ்சம் கூடுதலாக வேகவிட்டால் தேங்காய் நார். வெண்ணெயில் புரட்டி, நடுவில் லேசான இளஞ்சிவப்பு மிச்சமிருக்கும்போதே இறக்கிவிடுகிறார்கள். மிளகும் சீரகமும் போட்டால் என்ன என்று கேட்காதீர்கள், போட்டாயிற்று, நன்றாகவே இருந்தது. மெல்லும்போது நிதானம் வேண்டும். எங்காவது ஒரு ரவை மிஞ்சியிருந்தால் பல்லுக்கு ஆயிரம், டாக்டருக்கு ஐயாயிரம்.

சமைக்கும் முன் தீனிப்பையைக் கீறிப் பார்ப்பார்கள். அதுதான் அடுத்த நாள் எங்கே போவது என்ற வழிகாட்டி. உள்ளே க்ளோவர் இலை என்றால் பழைய மரவண்டித் தடத்தோரம். காட்டுத்திராட்சை என்றால் கொடி ஏறிய சரிவு. ஆஸ்பென் மொட்டு வர ஆரம்பித்தால் பனி நெருங்கிவிட்டது. பஞ்ச வருடத்தில் ஒரே ஒரு பறவை கிடைத்தாலும் அதன் வயிற்றை முழுசாகப் படிக்காமல் விடமாட்டார்கள்.

கே: இங்கே ஒரு நரிக்குறவர் கவுதாரி பிடித்தால் வழக்கு. அங்கே வெள்ளைக்காரர் கிரவுஸ் சுட்டால் அது விளையாட்டு. இது என்ன நியாயம்? (திருச்சி)

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. பரிசு உண்டு, கவுதாரி அல்ல.

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்; வாழையடி வாழையாக வேட்டையில் வாழ்ந்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு ஒழுங்காகக் காட்டாமலேயே கதவு மூடப்பட்டது. அந்தக் குறை உண்மை. ஆனால் வெள்ளைக்காரர் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பிரிட்டனில் பறவையைச் சுடும் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலம் யாருடையதோ, கிரவுஸ் அவருக்கு. பிரபுவின் முயலைப் பிடித்த ஏழை ஜெயிலுக்குப் போன கதை அங்கே ஏராளம். அமெரிக்கா இதை வெறுத்து வேறு வழி எடுத்தது. காட்டுப் பறவை பொதுச்சொத்து, அரசு அதன் காவலர். கூலியாளும் கோடீஸ்வரரும் ஒரே உரிமம்தான் எடுக்க வேண்டும், மின்னசோட்டாவில் ஒரு நாளைக்கு ஐந்து பறவைதான் இருவருக்கும். சுட்டதை விற்கக் கூடாது. ஒரு காலத்தில் பீப்பாய் பீப்பாயாகக் கிரவுஸ் நகரச் சந்தைகளுக்குப் போனதைப் பார்த்து வந்த புத்தி அது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியை (இன்று 11 சதவீதம்), 1937-இல் வந்த சட்டப்படி வனவிலங்குக்கே செலவழிக்கிறார்கள். நியாயமா என்றால், பிரிட்டிஷ் முறையைவிட நியாயம். நம் நரிக்குறவருக்கு இதில் ஆறுதல் ஏதும் இல்லை என்பதும் தெரிகிறது.

கே: ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் 12 என்றால் திருவிழாவாமே? (கோவை)

ப: ஆமாம். அன்றைக்குச் செங்கிரவுஸ் சீசன் திறப்பு, டிசம்பர் 10 வரை. ஆள் வைத்துப் பறவையை விரட்டுவார்கள். கனவான்கள் பள்ளத்தில் நின்று, ஜோடித் துப்பாக்கியோடு, பின்னால் ஓர் ஆள் தோட்டா போட்டுக் கொடுக்கக் கொடுக்கச் சுடுவார்கள். 1915 ஆகஸ்ட் 12 அன்று லங்காஷயரின் அபிஸ்டெட் மேட்டில் எட்டுப் பேர் சேர்ந்து 2,929 பறவைகளை வீழ்த்தினார்கள். பக்கத்திலேயே உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, அங்கே ஆள் பற்றாக்குறை. நாடு பறிபோய் அங்கே வளர்ந்த பஞ்சாப் மகாராஜா துலீப் சிங் அதற்கு முந்தைய தலைமுறையின் தலைசிறந்த சுடுநர்களில் ஒருவர். ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு துப்பாக்கியை விட்டுவைத்த பெருந்தன்மை!

அங்கும் பஞ்சம் உண்டு. காரணம் ஒரு குடல்புழு. பறவை பெருகினால் புழு பெருகும், புழு பெருகினால் பறவை விழும். இதைத் துப்பறிய ஒரு விசாரணைக் குழு போட்டார்கள், 1911-இல் அறிக்கை வந்தது. அதற்காகக் கிரவுஸ்களை அறுத்து அறுத்துப் பார்த்தவர் டாக்டர் எட்வர்ட் வில்சன். மறு வருடம் கேப்டன் ஸ்காட்டோடு அண்டார்டிகாவில் உறைந்து இறந்த அதே வில்சன். இன்று பஞ்ச வருடத்தில் பண்ணைக்காரர்கள் சுடும் நாட்களையே ரத்து செய்துவிடுகிறார்கள். பருந்துகளைத் திருட்டுத்தனமாகக் கொல்கிறார்கள் என்ற புகார் முற்றி, ஸ்காட்லாந்து 2024-இல் சட்டம் போட்டு, கிரவுஸ் மேடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது.

கே: மினியாபொலிஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மேனேஜர் கிரவுஸ் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா? (மினியாபொலிஸ்)

ப: நடக்கப் போங்கள். இடுப்புக்கு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு உடை, நல்ல பூட்ஸ், மூடிய வாய். வரிசையை விட்டு முன்னே போகாதீர்கள்; வேலி தாண்டும்போது அவர் துப்பாக்கியைத் திறந்து காலி செய்கிறாரா என்று பாருங்கள். செய்யாவிட்டால் தலைவலி என்று சொல்லி வண்டிக்குத் திரும்புங்கள். அப்ரைசல் போனால் போகட்டும்.

துப்பாக்கியைத் தொடுவதானால் வேறு கதை. குடியேறா விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. 1979-க்குப் பின் பிறந்தவர் என்றால் மின்னசோட்டாவில் அந்த உரிமத்துக்கே பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். உரிமம் கையில் வரும்வரை "ஒரு தடவை பிடித்துப் பாரேன்" என்று மேனேஜர் நீட்டினாலும் கையைப் பாக்கெட்டிலேயே வையுங்கள். முதலில் வக்கீல், அப்புறம் பறவை.

கே: நான் கிரவுஸைப் பார்த்தது விஸ்கி பாட்டிலில் மட்டும்தான். அது எந்த வகை? (புதுச்சேரி)

ப: ஸ்காட்லாந்துச் செங்கிரவுஸ். பெர்த் நகரத்து மேத்யூ க்ளோக் 1896-இல் லேபிளில் ஏற்றியது, இன்னும் இறங்கவில்லை. புழு இல்லை, பனி இல்லை, சீசன் இல்லை, பஞ்சமும் இல்லை. புதுச்சேரியில் அதற்கு இயற்கை எதிரி நீங்கள் மட்டும்தான்.